ஹேட்ரியன் சுவரில் மூன்று நாள்: மழை வந்தால் எங்கே, வெயில் அடித்தால் எங்கே

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். அக்டோபர் முதல் வாரத்தில் மூன்று நாள் லீவு, வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்க்க லீட்ஸிலிருந்து காரில் வருகிறீர்கள். நீங்கள் இருவரும் நன்றாக நடப்பீர்கள், மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு முட்டிவலி. சுவரோரம் போகும் 135 கி.மீ. நடைபாதையை முழுசாக நடக்க முடியாது என்றால் பாதி நடந்து என்ன பிரயோஜனம், மழை பிடித்துக்கொண்டால் பயணமே வீணா, எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுசாக நடக்கத் தேவையே இல்லை. மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கிழக்கே செஸ்டர்ஸ் கோட்டையிலிருந்து மேற்கே பேர்டோஸ்வால்ட் கோட்டை வரை. தினமும் ஓர் ஊரில் தங்கி அடுத்த ஊருக்கு நடப்பது என்று திட்டம் போடாதீர்கள். அப்படிப் போட்டால் செவ்வாய்க்கிழமை எந்த இடம் என்று முன்பே முடிவாகிவிடும், செவ்வாய்க்கிழமை பார்த்து மலைமுகட்டில் மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கும். ஒரே இடத்தில், ஒன்ஸ் புரூட் பக்கமோ ஹால்ட்விசில் ஊரிலோ, எல்லா இரவும் அறை எடுத்துக்கொண்டு, காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எங்கே என்று முடிவு செய்யுங்கள். இங்கே வெயிலில் பார்க்க வேண்டிய இடமும் உண்டு, மழையில் பார்த்தாலும் எதுவும் குறையாத இடமும் உண்டு, மழையில் பார்த்தால்தான் புரியும் என்று நான் நினைக்கிற இடமும் ஒன்று உண்டு. கீழே அந்த வரிசையில்தான் சொல்லப் போகிறேன்.

ஏன் நடுப்பகுதி என்றால், சுவர் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அங்கேதான். கி.பி. 122-இல் ரோமானியப் பேரரசன் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தபோது தொடங்கிய வேலை. மூன்று லீஜியன் படைகள் சேர்ந்து, கிழக்கே டைன் ஆற்றங்கரையில் இன்றைய வால்செண்ட் முதல் மேற்கே சால்வே கழிமுகத்தில் போனஸ் என்கிற ஊர் வரை, 80 ரோமானிய மைல், நம் கணக்கில் சுமார் 117 கி.மீ., எழுப்பினார்கள். ஒவ்வொரு ரோமானிய மைலுக்கும் ஒரு சிறு காவல் கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு நடுவில் இரண்டு கோபுரங்கள். வடக்குப் பக்கம் அகழி, தெற்குப் பக்கம் வேலம் என்று இரு மேடுகளுக்கு நடுவே ஓடும் இன்னொரு பெரிய பள்ளம். இவ்வளவு பெரிய கட்டுமானம் எங்கே போயிற்று என்றால், கல் வேண்டியவர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 1745-இல் ஜாக்கபைட் கிளர்ச்சிப் படை (அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக எழுந்தவர்கள்) கார்லைல் பக்கம் வந்தபோது, நியூகாசிலில் இருந்த ஜெனரல் வேடால் தன் படையைக் குறுக்கே கொண்டுபோக முடியவில்லை, சரியான சாலை கிடையாது. அதற்குப் பிறகு 1750-களில் ஒரு ராணுவச் சாலை போட்டார்கள். கிழக்குப் பாதியில் மைல் மைலாகச் சுவரை இடித்துப் பரப்பி, அதன் அடித்தளத்தின் மேலேயே போட்ட சாலை. நீங்கள் காரில் வரப்போகும் பி6318 அதுதான். நேர்க்கோடாக ஏறி இறங்கிப் போகும், டயருக்குக் கீழே சுவர் கிடக்கிறது. நடுப்பகுதியில் மட்டும் சுவர் பாறை முகட்டின் மேல் ஏறிவிட்டதால் சாலைக்காரர்கள் அதைத் தொடவில்லை, சமதரையில் தெற்கே விலகிப் போய்விட்டார்கள். அதனால் பிழைத்தது.

இப்போது மழை. பென்னைன் மலைகளுக்கும் வடக்கே செவியட் மலைகளுக்கும் நடுவில் தாழ்வான ஓர் இடைவெளி, அதில்தான் சுவர் ஓடுகிறது. தீவின் குறுகலான இடங்களில் ஒன்று என்பதால் ரோமானியர்கள் அதைத் தேர்ந்தார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேலைக்காற்றுக்கும் அதே இடைவெளிதான் வழி. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், மழையும் அங்கிருந்தே வரும், மேற்குப் பக்கம் அதிகமாகவும் கிழக்கே போகப்போகக் குறைவாகவும் பெய்யும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முகட்டில் நிற்கும்போது மேற்கே பாருங்கள். சாம்பல் நிறத் திரை ஒன்று வானத்திலிருந்து தரை வரை தொங்கிக்கொண்டு நகர்ந்து வருவது தெரியும், வந்து சேர்வதற்குள் மேல்சட்டையைப் போட்டு, பையை மூடி, கேமராவை உள்ளே வைக்க நேரம் இருக்கும். அது உங்களைக் கடந்து போனதும் பின்னாலேயே வெயில் வரலாம். நம்மூர் ஐப்பசி அடைமழை மாதிரி விடாமல் கொட்டுவது ஒரு வகை, அதுவும் வரும். ஆனால் வந்து வந்து போகிற தூறல்தான் அங்கே அதிகம். ஆகவே "நாள் முழுக்க மழை" என்று செல்போன் படம் காட்டினால் உடனே மனசு விட்டுவிடாதீர்கள். பிரிட்டிஷ் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் முன்னறிவிப்பை மணிவாரியாகப் பாருங்கள், மழைச் சதவீதத்தைவிடக் காற்றின் வேகத்தை முதலில் பாருங்கள். மழையில் நடந்துவிடலாம், முகட்டில் பலமான காற்றில் நடப்பது வேறு விஷயம்.

மூன்று நாளில் எந்த நாள் தெளிவாக இருக்கிறதோ அந்த நாளை ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டை வரையிலான ஐந்து கி.மீ. சொச்சத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தூரத்தைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போடக்கூடாது. தொடங்கியதுமே பீல் பாறையில் செங்குத்தான கல்படிகள், அப்புறம் ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் வழி முழுக்க. கீழே இருக்கும் கருங்கல் வின் சில் என்கிற எரிமலைக் குழம்புப் பாறை, தெற்கிலிருந்து மெதுவாக ஏறி வடக்கே சட்டென்று அறுந்து நிற்கும். அந்த விளிம்பிலேயே சுவரைக் கட்டியிருக்கிறார்கள். கிராக் லாக் ஏரிக்கு மேலே நடக்கும்போது இடது கைப்பக்கம் நேராகத் தண்ணீர், எந்தத் தடுப்பும் கிடையாது. ஈரத்தில் அந்தப் பாறை வழுக்கும். காற்று பலமாக இருந்தால் விளிம்பை விட்டுவிட்டு, கொஞ்சம் தெற்கே தாழ்வாக ஓடும் ராணுவ வழியில் இறங்கிவிடுங்கள். அது சுவருக்குப் பின்னால் படை நகர்வதற்கு ரோமானியர்களே போட்ட தெரு, இன்று புல் மூடிய தடமாக இருக்கிறது. காற்றின் உறைப்பு அங்கே வெகுவாகக் குறையும். வரைபடத்தில் ஆர்டினன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 43 தாளை எடுத்துக்கொண்டால் இந்தத் தடம் தெளிவாகக் குறித்திருக்கும். பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது, தாள் வரைபடம் அவசியம்.

இந்த வழியில் நீங்கள் பார்க்கும் சுவர் அப்படியே ஹேட்ரியன் காலத்துச் சுவர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நியூகாசிலில் நகரச் செயலாளராக இருந்த ஜான் கிளேட்டன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் சுவர் ஓடும் பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, கல் எடுப்பதை நிறுத்தினார். விழுந்து கிடந்த ரோமானியக் கற்களையே எடுத்து, சாந்து இல்லாமல் அடுக்கி, மேலே புல்தரையை வெட்டி வைக்கச் சொன்னார். தலையில் புல் முளைத்த சுவரைப் பார்த்தால் பெரும்பாலும் அவருடைய ஆட்கள் அடுக்கியது. கற்களுக்கு நடுவில் சுண்ணாம்புச் சாந்து பூசி, மேற்பரப்பு கல்லாகவே இருந்தால் 20-ஆம் நூற்றாண்டில் அரசுத் தரப்பில் இருந்த இடத்திலேயே உறுதிப்படுத்தியது. நடக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் சலிப்பே வராது. கிளேட்டன் இல்லை என்றால் நாம் இங்கே வந்து பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம், அவர் அடுக்கியதைப் போலி என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

சைகமோர் கேப் வழியில்தான் வரும், இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஒரே ஒரு சைகமோர் மரம் நின்று புகழ்பெற்ற இடம். அந்தத் தனி மரத்தை 2023 செப்டம்பர் இறுதியில் இரவோடு இரவாக அறுத்துவிட்டார்கள், சுவரும் கொஞ்சம் அடிபட்டது. இருவருக்கு 2025-இல் தண்டனை கிடைத்தது. அடிக்கட்டையிலிருந்து துளிர் விட்டிருக்கிறது, வேலிக்கு உள்ளே போகாதீர்கள்.

அதைத் தாண்டி ஹவுஸ்ஸ்டெட்ஸ் நெருங்குவதற்குச் சற்று முன் 37-ஆம் மைல் கோட்டை. அங்கே ஒரு பத்து நிமிடமாவது நில்லுங்கள். வடக்கு வாசலின் வளைவு தொடங்கும் கற்கள் இன்னும் இரண்டு பக்கமும் இருக்கின்றன, பெரிய பெரிய கற்கள், ஒரு ஆள் தூக்க முடியாதவை. அந்த வாசலில் நின்று வெளியே பார்த்தால் கீழே சரிவு. வண்டி போக முடியாது, படை இறங்க முடியாது. ஆனாலும் மைலுக்கு ஒரு வாசல் என்று உத்தரவு, வாசல் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்த வாசலைப் பாதியாகக் குறுக்கியும் இருக்கிறார்கள். தொலைவில் இருந்து போட்ட திட்டமும் இடத்தில் இருந்தவர்கள் செய்துகொண்ட சமாளிப்பும் ஒரே சுவரில் தெரியும். 38-ஆம் மைல் கோட்டையில் ஹேட்ரியன் பெயரும் அவருடைய ஆளுநர் ஔலஸ் பிளாட்டோரியஸ் நெப்போஸ் பெயரும் பொறித்த கல் கிடைத்தது. இந்தச் சுவர் பிற்காலத்துச் செவெரஸ் பேரரசன் கட்டியது என்றே நீண்ட காலம் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட கல்வெட்டுகளை வைத்துத்தான் 1840-இல் ஜான் ஹாட்ஜ்சன் அது ஹேட்ரியன் வேலை என்று வாதாடினார்.

ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டையைத்தான் மழையில் பார்த்தால் புரியும் என்று சொன்னேன். சுமார் 800 வீரர்கள் இருந்த கோட்டை, முகட்டுச் சரிவில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஊற்று இல்லை. கூரையில் விழும் மழையைத்தான் கல்தொட்டிகளில் பிடித்திருக்கிறார்கள். தொட்டிகள் இன்றும் அங்கங்கே இருக்கின்றன. தென்கிழக்கு மூலைக்குப் போங்கள், கோட்டையிலேயே தாழ்வான இடம் அது, மேலே இருந்து வடியும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து சேரும், அதனால் கழிப்பறையை அங்கே வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆழமான கால்வாய், அதன் மேலே மரப்பலகை இருக்கை இருந்திருக்கும். நடுத்தரையில் விரல் நீளம் ஆழமுள்ள சிறிய ஓடை ஒன்று கல்லில் வெட்டியிருக்கும், அது சுத்தம் செய்த கடற்பஞ்சைக் கழுவுவதற்கு. பக்கத்தில் உள்ள தொட்டியின் கற்பலகை விளிம்பைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று குழிந்து தேய்ந்திருக்கும். துணி துவைத்தா, கத்தி தீட்டியா என்று பேசிக்கொள்கிறார்கள், எதுவானாலும் பல தலைமுறைக் கைகள் உரசிய தேய்மானம். நல்ல மழையில் அங்கே நின்றால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நேராகவே பார்க்கலாம், விளக்கப் பலகை தேவையே இல்லை. தானியக் களஞ்சியத்தையும் அதே கண்ணோடு பாருங்கள். தரையைத் தூக்கி நிறுத்திய குட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும், அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் இந்த ஈரத்தில் கோதுமை பூத்துப் போய்விடும்.

விடாத மழை நாள் என்றால் யோசிக்கவே வேண்டாம், விண்டோலாண்டா. ஒன்ஸ் புரூட்டிலிருந்து இரண்டு கி.மீ. சொச்சம்தான். இது சுவரின் மேல் இல்லை, தெற்கே ஸ்டேன்கேட் என்கிற பழைய ரோமானியச் சாலையில் இருக்கிறது, சுவரைவிட மூத்தது. ஒன்பதுக்குக் குறையாமல் கோட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பழைய மரக்கோட்டையை இடித்து, களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடி, அதன்மேல் புதியது. மூடிய ஈரமண்ணுக்குள் காற்று போகவில்லை, அதனால் எதுவும் மக்கவில்லை. தோல் செருப்புகள் மட்டுமே ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, குழந்தைகளுடையது உட்பட. அருங்காட்சியகத்தில் அந்தச் செருப்புகளை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றால் எல்லைப்படை என்றால் ஆண்கள் மட்டும் என்கிற நினைப்பு போய்விடும்.

1973-இல் ராபின் பர்லி அங்கே தோண்டும்போது மரச்சீவல் மாதிரி மெல்லிய துண்டுகள் வந்தன, பிரித்துப் பார்த்தால் மசியால் எழுதிய கடிதங்கள். அஞ்சலட்டை அளவு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம். இதுவரை கிடைத்தவற்றில் கிளாடியா செவெரா என்கிறவள், ஒரு படை அதிகாரியின் மனைவி, கி.பி. 100-ஐ ஒட்டி, விண்டோலாண்டா தளபதியின் மனைவி சுல்பிசியா லெப்பிடினாவை செப்டம்பர் 11-ஆம் தேதி தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட கடிதம் எல்லோருக்கும் தெரியும். கடைசி வரிகளை எழுத்தர் கையில் விடாமல் அவளே எழுதியிருக்கிறாள், ஒரு பெண் தன் கைப்பட லத்தீனில் எழுதியதில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் அது ஒன்று. இன்னொரு கடிதத்தில் காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாகத் தகவல். அங்கே ஒரு நாள் நனைந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தின் அருமை சொல்லாமலே விளங்கும். அப்புறம் ஒரு கணக்குச் சீட்டில் காம்பாக்ஸ் என்கிற வீரன் பெயருக்கு நேராக மிளகு, இரண்டு டெனாரியஸ் (ரோமானிய வெள்ளி நாணயம்) என்று இருக்கிறது. ரோமானியர்களுக்கு மிளகு வந்தது சேரநாட்டுக் கடற்கரையிலிருந்து. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறி என்று அகநானூறு பாடும் அதே சரக்கு, செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய், கடல் தாண்டி, ஒரு சாதாரண சிப்பாயின் சாப்பாட்டுக்கு இந்தக் குளிர்மலை வரை வந்திருக்கிறது. அப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் கடிதப் பலகைகளில் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சில மட்டும் கடனாகத் திரும்பி வந்து இங்கே காட்சியில் உள்ளன.

வெயிலும் தூறலும் மாறி மாறி வரும் நாளுக்குக் கிழக்குப் பக்கம் வையுங்கள். செஸ்டர்ஸ் குதிரைப்படைக் கோட்டை, நார்த் டைன் ஆற்றோரம், சமதரை. ஆற்றை ஒட்டிய குளியல்கூடத்தின் சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. உடைமாற்றும் அறையில் வரிசையாக ஏழு வளைவு மாடங்கள். அங்கிருந்து மேற்கே பாதையில் நடந்தால் லைம்ஸ்டோன் கார்னர், சுவரின் வடகோடி முனை. வடக்கு அகழியை வெட்டிக்கொண்டே வந்தவர்கள் இந்த இடத்தில் கருங்கல்லோடு மல்லுக்கட்டி, கடைசியில் விட்டுவிட்டார்கள். அகழிக்குள் ஒரு பெரிய பாறை அப்படியே கிடக்கிறது. அதன் மேல்முகத்தில் வரிசையாகச் சிறு குழிகள், ஆப்பு அடித்துப் பிளப்பதற்காக வெட்டியவை. தூறலில் அந்தக் குழிகளில் தண்ணீர் நிற்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். வேலை நிறுத்தப்பட்ட கணம் கல்லில் இவ்வளவு பச்சையாகத் தெரிகிற வேறு இடம் இந்தச் சுவரில் எனக்குத் தெரிந்து இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் கேராபர்க்கில் ரோமானிய வீரர்கள் வணங்கிய மித்ரா தெய்வத்தின் சின்னஞ்சிறு கோயில், சாலையை ஒட்டியே. அங்கே நிற்கும் பலிபீடங்கள் நகல்கள், அசல் நியூகாசில் கிரேட் நார்த் அருங்காட்சியகத்தில். ஊறிய சதுப்பில் கோயில் அமுங்கியிருக்கும், காலணி நனைய வாய்ப்பு அதிகம்.

ஒரு மழை ஓய்ந்து சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எங்கே இருந்தாலும் சுற்றும் முற்றும் பாருங்கள். உச்சி வெயிலில் வெறும் புல்வெளியாகத் தெரிந்த இடத்தில் வேலம் பள்ளமும் அதன் இரு மேடுகளும் நிழல் விழுந்து பளிச்சென்று எழும்பி நிற்கும். மேகம் மூடிய நாளில் இது சுத்தமாகத் தெரியாது.

மேற்குப் பக்கத்துக்கு நேரம் இருந்தால் காற்றை உங்களுக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளுங்கள். வால்டவுனில் இறங்கி, காஃபீல்ட்ஸ் வழியாக வின்ஷீல்ட்ஸ் உச்சி ஏறி (345 மீட்டர், சுவரிலேயே உயரமான இடம்) கிழக்கு நோக்கி ஸ்டீல் ரிக் வந்தால் மழையும் காற்றும் முதுகில்தான் அடிக்கும். எதிர்த்திசையில் நடந்தால் முகத்தில் வாங்க வேண்டும். ஏறி இறங்கும் சுமார் பத்து கி.மீ., நாலு மணி நேரமாவது வையுங்கள். பலர் சுவரைக் கிழக்கிலிருந்து மேற்காக நடப்பார்கள், மைல் கோட்டைகளின் எண்ணும் அப்படித்தான் போகிறது. உங்களைப் போல் துண்டு துண்டாக நடப்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கார் இல்லாத நேரத்துக்கு ஏடி122 என்று ஒரு பேருந்து சுவரோரமாக ஓடுகிறது, சுவர் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி ஓடாது, அக்டோபர் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள்.

உடுப்பு பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வராதீர்கள். நனைந்தால் காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். தொப்பி தைத்த மழைச்சட்டை, மேலே மாட்டிக்கொள்ளும் மழைக் கால்சட்டை, கணுக்கால் மறைக்கும் நடைக்காலணி, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, மெல்லிய கையுறை. குடை முகட்டில் ஒரு நிமிடம் தாங்காது. பையின் உள்ளே ஒரு பெரிய பிளாஸ்டிக் பை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள், வெளியே போடும் உறையைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகும். அக்டோபர் தொடக்கத்தில் பகல் வெப்பம் 12, 13 டிகிரி இருக்கலாம், முகட்டில் காற்றோடு சேர்ந்தால் உடம்புக்கு அதைவிட வெகுவாகக் குறைவாகத்தான் தெரியும். மாலை ஆறரைக்கு மேல் வெளிச்சம் போய்விடும், தலைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும். வழியில் கடை என்று எதையும் நம்ப வேண்டாம். புளியோதரை கட்டிக்கொண்டு வாருங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும், சுவரின் காற்று மறைவில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது இருக்கட்டும். கூட வருபவருக்கு நடுக்கம் நிற்காமல் பேச்சுக் குழறத் தொடங்கினால் அது சாதாரணக் குளிர் இல்லை, உடனே காற்று மறைவுக்குக் கூட்டிப்போய் உலர்ந்த துணி போட்டு, 999-க்கு அழைத்துக் காவல்துறை, அதன் வழியாக மலை மீட்புக் குழு என்று கேளுங்கள்.

பசுக்கள் கன்றோடு நிற்கும் வயலில் நடுவே புகுந்து போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நீங்கள் திறந்த கதவை நீங்களே மூடுங்கள்.

இன்னொன்று, இதை நான் எல்லோரிடமும் சொல்வேன். பாதை பெரும்பாலும் புல்தரைதான், அதற்குச் சில அங்குலம் கீழேயே இன்னும் தோண்டாத கட்டடங்கள் இருக்கின்றன. ஈரத்தில் எல்லோரும் ஒரே தடத்தில் நடந்தால் புல் செத்து, மண் கரைந்து, கீழே இருப்பது சிதையும். அதனால்தான் குளிர்கால மாதங்களில் முழுப்பாதையை நடக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள், நடப்பவர்கள் முத்திரை குத்திக்கொள்ளும் அட்டையும் மே முதல் அக்டோபர் வரைதான். நீங்கள் வருவது அந்தப் பருவத்தின் வாலில். சேறாகத் தேய்ந்த தடம் தெரிந்தால் அதை விட்டுப் பக்கத்துப் புல்லில் நடங்கள், ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் பக்கம் பக்கமாகப் போங்கள். சுவர் மேல் ஏறவே கூடாது. ஹவுஸ்ஸ்டெட்ஸ் பக்கத்து மரத்தோப்பில் மட்டும் பாதையே சுவர் மேல் போகும், அங்கே நடக்கலாம். மற்ற இடத்தில் படத்துக்காக ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்பா விஷயம். ஹவுஸ்ஸ்டெட்ஸில் கார் நிறுத்தத்திலிருந்து கோட்டைக்கு ஏற்றம்தான், முட்டிவலிக்காரருக்கு ஒத்துவராது. விண்டோலாண்டாவில் இடிபாடுகள் சமதரையில் இருக்கின்றன, ஆனால் அருங்காட்சியகம் கீழே ஓடைப் பள்ளத்தில், திரும்ப ஏற வேண்டும். நிதானமாகப் போனால் சமாளிப்பார், இல்லையென்றால் உள்ளே நுழையும்போதே உதவி உண்டா என்று கேளுங்கள். செஸ்டர்ஸ் முழுக்க சமதரை, குளியல்கூடத்துக்கு இறங்கும் சரிவில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேர்டோஸ்வால்ட்தான் அவருக்கு மிகவும் ஏற்றது. கோட்டை வாசலிலிருந்து கிழக்கே அதிக ஏற்றம் இல்லாமல் சுவர் நீளமாகப் போகிறது, விட்டுப்போகாமல் நிற்பதில் மிக நீளமான துண்டுகளில் ஒன்று. சுவரை ஒட்டியே அவர் மெதுவாக நடந்து கையால் தொட்டுப் பார்க்கலாம். நீங்கள் இருவரில் ஒருவர் அவரோடு அங்கே காரில் வந்து இருங்கள், மற்றவர் கில்ஸ்லாண்டிலிருந்து வில்லோஃபோர்ட் வழியாக நடந்து வரட்டும். வில்லோஃபோர்டில் ரோமானியப் பாலத்தின் அடித்தளம் புல்வெளியில் தனியாக நிற்கும், இர்திங் ஆறு நூற்றாண்டுகளாக மேற்கே நகர்ந்து தள்ளிப் போய்விட்டது. இன்றைய ஆற்றை நடைபாலத்தில் தாண்டி, செங்குத்தான ஏற்றம் ஒன்று ஏறினால் சுவர் மறுபடியும் தொடங்கும், அது நேராக அப்பா நிற்கும் இடத்துக்குக் கொண்டுவந்து விடும். அடுத்த நாள் நடப்பவரும் காரில் இருப்பவரும் மாறிக்கொள்ளுங்கள்.